தோற்றவன் போட வேண்டிய கையெழுத்து

தினேஸ்வரிக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்ததாக ஈப்போ சிலிபினில் யாருக்கும் நினைவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குக் கோபம் வராமல் பின்னே என்ன வரும்? பிள்ளை வாசலுக்கு வருவதற்குள் பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹாரனை அமுக்குவான். பிள்ளையின் அம்மாவோ அப்போதுதான் காலுறையைத் தேடிக்கொண்டிருப்பாள். தினேஸ்வரி கண்ணாடியை இறக்கி இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டுவாள், கார்க்காரனை மலாயிலும் அம்மாக்காரியைத் தமிழிலும். ஆனால் இதெல்லாம் சில்லறைக் கோபம். அவளுடைய மொத்தக் கோபத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அமீருடைய சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து டென்னிஸைப் பற்றித் தெரியாத்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும்.

அமீருக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் கடைக்குள் நுழையும்போதே, "என்னக்கா, இன்னிக்கு எந்த ஊர்ல சண்டை?" என்பான். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தாய்லாந்துல. மொத செட்டு போயிருச்சு. ரெண்டாவதுல மூணுக்கு ஒண்ணு. ஒரு தே தாரிக், சீனி கம்மியா," என்பாள். அதோடு விட்டால் தேவலை. "டிவில காட்டுறானா?" என்று கேட்டுவிட்டான் என்றால் தீர்ந்தது.

"டிவில வர்றவனுக்கு நான் எதுக்குடா? அவனுக்கு ஒலகமே கை தட்டுது. டிவில வராதவனுக்கு யாரு இருக்கா, நீ சொல்லுலா!"

ரொட்டி சானாய் தின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, அவளுக்கென்ன?

அவள் சொல்வதிலும் தப்பில்லை. டென்னிஸ் என்றால் பச்சைப் புல், வெள்ளைச் சட்டை, வெள்ளிக் கோப்பையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறவன் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடத்துக்குப் போவதற்கு ஒரு நீளமான வரிசை இருக்கிறது. வரிசையின் வாலில் நிற்கிற பையன்கள் ஊர் ஊராகப் போய்ச் சின்னப் போட்டிகளில் ஆடுகிறார்கள். மூன்று பேர் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறார்கள், சட்டையைக் குளியலறையில் துவைத்துக் காயப்போடுகிறார்கள், அடித்த பந்தைத் தாங்களே ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்கிறார்கள். பார்க்க வந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் எதிராளியின் பயிற்சியாளர், ஒரு நாய், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கிறவன். இப்படி வாரக்கணக்கில் ஆடி, உள்ளே நுழைந்து, ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் உலகப் பட்டியலில் ஏதோ ஒரு மூலையில் பேர் ஏறிவிடும். கிடைக்காவிட்டால் நீ டென்னிஸ் ஆடினாய் என்பதற்கு உன் அம்மாதான் சாட்சி.

தினேஸ்வரி இந்தப் பையன்களைத்தான் பார்த்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. போனில் வருவது வெறும் எண்கள். பதினைந்து, முப்பது, நாற்பது. அதை வைத்துக்கொண்டே, இவன் சர்வ் போடப் பயப்படுகிறான், இவனுக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது, இவன் அம்பயரோடு சண்டைக்குப் போயிருக்கிறான் என்று சொல்வாள். பாதி சரியாக இருக்கும், பாதி அவளுடைய கற்பனை. தப்பு என்று எடுத்துச் சொன்னால் அதற்கும் கோபம் வரும்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்ததே தீபனால்தான். தினேஸ்வரி பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகள் குடியிருந்த லயத்தில். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பெனிக்காரன் தோட்டத்தை விற்றுவிட்டான். ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். பாதிப் பேர் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் ஒண்டிக்கொண்டார்கள், அவள் குடும்பமும் பிச்சைமுத்து குடும்பமும் அதில் சேர்த்தி. அவளைக் கட்டியவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். "தொலைஞ்சது சனியன்," என்று சொல்லிவிட்டு அவள் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிச்சைமுத்துவின் மகன் தீபன் முதலாம் வகுப்பிலிருந்தே அவள் வேனில் வந்தவன். சாயங்காலத்தில் அவனை டென்னிஸ் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவதும் அவள்தான். முதலில் வேனுக்குள்ளேயே தூங்கினாள். பிறகு எட்டிப் பார்த்தாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "குனிஞ்சு அடிடா, இடுப்பு என்ன இரும்பா?" என்று கத்த ஆரம்பித்தாள். பயிற்சியாளர் வந்து, "அக்கா, நீங்க வேன்லேயே இருங்க," என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவரையும் திட்டினாள்.

தீபன் வளர்ந்து வெளிநாட்டுக்கு ஆடப் போனபோது வேன் அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் போனுக்கு வந்தாள். அவனோடு ஆடியவனைப் பார்த்தாள், பிறகு அவனோடு ஆடியவனோடு ஆடியவனைப் பார்த்தாள். அப்படியே உலகத்தில் உள்ள பேர் தெரியாத பையன்கள் எல்லாரும் அவள் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

தீபனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஒரு புள்ளி இன்னும் கிடைக்கவில்லை. எத்தனை ஊர், எத்தனை போட்டி! தகுதிச் சுற்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். தப்பித் தவறி உள்ளே போனால் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு வருவான். ஊரில் இருப்பவர்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜெயிப்பதற்கு முன்பே அவனுக்கு ஏதோ ஒரு சங்கத்தில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். தோற்றுவிட்டு வந்தால் ரோட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். பிச்சைமுத்துவே ஓய்ந்துவிட்டார். தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலைப் பக்கம் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். இந்த முறை ஈப்போவிலேயே ஒரு போட்டி நடக்கிறது, அதில் புள்ளி எடுத்தால் ஆடு, இல்லாவிட்டால் ராக்கெட்டை மூட்டை கட்டு என்று அப்பனும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள்.

அதாவது, இதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்றில் தீபன் ஜெயித்தான். திங்கட்கிழமை கடைசித் தகுதி ஆட்டம். தினேஸ்வரி வேலியோரம் நின்றாள். ஆளுக்கொரு செட் ஆனது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளிவரை போகும் டை-பிரேக். எட்டுக்கு எட்டு வரைக்கும் வந்துவிட்டு, அந்தக் கொரியாக்காரப் பையனிடம் இரண்டு பந்தை அநியாயமாக வலையில் அடித்துத் தோற்றான். தினேஸ்வரி வேலிக் கம்பியை ஓர் உதை விட்டாள். கால் விரல்தான் வலித்தது.

ஆனால் அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். பக்கத்துத் திடலில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜப்பான்காரப் பையன் ஒருவன் கால் பிசகிக் கீழே உட்கார்ந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஐஸ் வைத்தார்கள். கணுக்கால் புஸ்ஸென்று வீங்கியிருந்தது. அவன் மறுநாள் முதல் ஆட்டம் ஆட வேண்டியவன். தினேஸ்வரிக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று வந்தது. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றவன் மறுநாள் காலையில் வந்து, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே இருக்கிறவன் எவனாவது விலகிக்கொண்டால், கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆளுக்கு அந்த இடம் போகும். தோற்றவர்களில் தீபன் பேர்தான் மேலே இருந்தது. இப்படி உள்ளே போகிறவனுக்கு லக்கி லூசர் என்று பேர்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது. அவள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள். "டேய் தீபன்! காலைல ஒம்போதரைக்குள்ள கையெழுத்து! மறந்துறாதே!" துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்த தீபன் தலையை ஆட்டினான். அவள் வேனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தான். அவன் அம்மா கலாதேவியைக் கூப்பிட்டாள்.

"நாங்க தோட்டத்துக்கு வந்துட்டோம் தினேசு. நாளைக்குப் பால்குடம்லா. தீபனுக்கும் காப்புக் கட்டியாச்சு."

தினேஸ்வரி கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தாள்.

தோட்டம் போய்விட்டது, ஆனால் தோட்டத்து மாரியம்மன் இருக்கிறாள். லயங்களை இடித்தபோது கோயிலை மட்டும் பெரிய ரோட்டோரமாக ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சிதறிப் போன சனம் எல்லாம் அங்கே வந்து கூடும். செவ்வாய்க்கிழமைதான் பால்குடம் என்ற வழக்கத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. பால்குடம் எடுக்கிறவர்களுக்கு முதல் நாளே மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் கட்டினதுதான். திருவிழா முடிந்து அவிழ்க்கிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. செத்த வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது.

"எவன் கட்டச் சொன்னான்? பிச்சைமுத்து அண்ணனா? அவருக்கு என்ன கிறுக்கா? ஆட்டமே இன்னும் முடியலைங்கறேன்!"

"அதான் தோத்துட்டானே," என்றாள் கலாதேவி அப்பாவியாக.

என்னத்தைச் சொல்ல! தினேஸ்வரி போனைக் கட்டிலில் எறிந்தாள். தோற்றால் முடிந்தது என்று நினைக்கிற சனத்திடம், தோற்ற பிறகுதான் ஒரு கதவு இருக்கிறது என்று எப்படிப் புரிய வைப்பது? இன்னொரு வேன்காரன் தனேஸ்வரனைக் கூப்பிட்டுக் காலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். "என்ன அவசரம்க்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவன் பதறினான். "இன்னும் ஒண்ணும் ஆகல. நான் போயிதான் ஆக்கப் போறேன்," என்றாள்.

விடிவதற்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது. ஹைவே முழுக்கத் தனியாகப் பேசிக்கொண்டே போனாள். பிச்சைமுத்துவிடம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. ஒத்திகை பார்க்கப் பார்க்கக் குரல் ஏறியதே தவிர இறங்கவில்லை. டோல் தாண்டிப் பாமாயில் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் திரும்பும்போதே உறுமி மேளம் காதில் விழுந்தது.

பிச்சைமுத்து பந்தல் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கோயில் கமிட்டித் தலைவர் இல்லையா, மனிதர் இரவெல்லாம் தூங்கவில்லை.

"வாம்மா தினேசு! பசியாறிட்டியா?"

"பசியாறுறது கெடக்கட்டும். பையன் எங்க?"

"குளிக்கப் போயிருக்கான். பால்குடம் எடுக்கறான்லா."

"எடுக்க வேணாம். அவன் இப்ப எங்கூட ஈப்போவுக்கு வரணும். ஒம்போதரைக்குள்ள கையெழுத்துப் போடணும்."

பிச்சைமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவன்தான் தோத்துட்டான்ல? எதுக்குக் கையெழுத்து?"

"தோத்தவன்தாண்ணே போடணும்! உள்ள ஒரு எடம் காலியாவப் போவுது. ஜப்பான்காரப் பையன் ஒருத்தனுக்குக் காலு வீங்கிப் போச்சு. நானே பாத்தேன், சப்பாத்து ஏறல. அவனால நிக்கவே முடியாது!" சொல்லும்போது அவள் முகமெல்லாம் சிரிப்பு. "தீபன்தான் மொத ஆளு. லக்கி லூசர்னு பேரு."

"லூசரா?"

"பேருதாண்ணே அப்படி."

"என் மகன் எழுத்து மூலமா நான் லூசர்னு எழுதிக் குடுக்கணுமா? ஏம்மா, அவன் பட்டது போதாதா?" அவருக்கும் சூடு ஏறியது. "காப்புக் கட்டியாச்சு. அம்மா முன்னால கட்டினது. எல்லை தாண்ட முடியாது. அவ்வளவுதான்."

பூசாரி இராமசாமியும் விபூதித் தட்டோடு வந்து சேர்ந்துகொண்டார். "காப்போட எல்லை தாண்டுனா குத்தம்மா. குடும்பத்துக்கு ஆகாது."

அப்போது ஆரம்பித்தாள் பாருங்கள் தினேஸ்வரி. உறுமிக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"எல்லையா? எந்த எல்லைங்கறேன்? காட்டுங்கண்ணே, பாக்கறேன்! ஆத்துப் பாலத்துக்கிட்ட இருந்த கல்லா? அத ஜேசிபி வச்சுப் புடுங்கிட்டான். ரப்பர்ப் பால் ஸ்டோரா? அங்க இப்ப எவனோ ஒரு தவ்கே மொதலாளி வீட்டு வரிசை கட்டி வித்துக்கிட்டிருக்கான். எங்க லயம் எங்க இருந்துச்சு, சொல்லுங்க? செம்பனை நிக்குது! கம்பெனிக்காரன் நம்மள வெளிய போன்னு சொன்னானே, அன்னிக்கு யாரு எல்லையப் பாத்தது? சாமியையே தூக்கிட்டு வந்து ரோட்டோரம் வச்சாங்களே, அன்னிக்கு ஆத்தா எல்லை தாண்டலியா? அவளுக்குக் குத்தம் யாரு சொன்னா?"

"தினேசு, வாய அடக்கு," என்றார் பிச்சைமுத்து.

"அடக்க மாட்டேன். நம்ம சனம் பாதி சிலிபின்ல கெடக்கு. வருசா வருசம் இந்தப் பந்தலுக்கு ஆள் வர்றது எங்கேருந்து? ஈப்போவுலேருந்து! சனம் எங்க இருக்கோ அதுதாண்ணே எல்லை. இல்லாத எல்லைய வச்சுக்கிட்டு இருக்கற பையனக் கட்டிப் போடறீங்களே, இது அடுக்குமா? இருபத்திரண்டு வயசு வரைக்கும் ஓடினான். ஒரு கதவு தொறந்திருக்கு. அதையும் நீங்களே இழுத்துச் சாத்தறீங்க!"

பூசாரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவரின் மகன், அவரும் வெட்டியவர். எல்லைக் கல்லைப் பிடுங்கிய அன்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதவர். அது தினேஸ்வரிக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் அடித்தாள்.

குளித்து முடித்து மஞ்சள் வேட்டியோடு தீபன் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று யாரும் கவனிக்கவில்லை.

பிச்சைமுத்து சன்னதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியைத் தட்டிலிருந்து எடுத்தார். "குத்தம் எனக்கு வரட்டும் தாயே," என்றார். கலாதேவி, "ஐயோ, என்னாங்க!" என்று அலறினாள். அவர் கேட்கவில்லை. மகன் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினார்.

தீபன் வெடுக்கென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"வேணாம்பா."

"அட, நானே அறுக்கறேன்டா. போ. அக்காவோட போ."

"நான் போகல."

தினேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டேய், அப்பாவே சொல்றாரு. நேரமாவுது. வா, வேன்ல ஏறு!"

"அப்பா கட்டச் சொல்லல அக்கா," என்றான் தீபன். "நான்தான் கட்டுங்கன்னு கேட்டேன். கட்டிட்டா யாரும் கூப்பிட முடியாதுல்ல."

பிச்சைமுத்துவின் கையில் கத்தி அப்படியே நின்றது.

"கையெழுத்து போடணும்னு தெரியும்லா ஒனக்கு? நான் கத்துனப்ப தலைய ஆட்டுனியே!"

"தெரியும். எனக்குத் தெரியாதா? போன வருசம் தாய்லாந்துல மூணு நாளு போட்டேன். காலைல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு பேக்கோட உக்காந்திருப்பேன். வர்றவன் போறவன் காலையே பாப்பேன். எவனாச்சும் நொண்டுறானா, எவனுக்காச்சும் வயித்தால போவுதான்னு. ஒருத்தன் நொண்டிக்கிட்டு வந்தான் அக்கா. சந்தோசமா இருந்துச்சு எனக்கு. அன்னிக்கு ராத்திரி என்னை எனக்கே புடிக்கல." அவன் அவளையே பார்த்தான். "இப்ப நீங்க சொல்லும்போதும் சிரிச்சீங்க. அவன் காலு வீங்கிப் போச்சுன்னு சிரிச்சீங்க."

தினேஸ்வரிக்கு முகத்தில் சுள்ளென்று ஏறியது. அது வெட்கமா கோபமா என்று பிரிக்கத் தெரியாததால் கோபமாகவே வந்தது.

"ஆமாடா, சிரிச்சேன்! ஒனக்காகச் சிரிச்சேன்! இல்லாட்டி அந்தச் சப்பான்காரன் மேல எனக்கென்ன பகை? இஷ்டம் இல்லன்னா நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னா நீங்க விடுவீங்களா?"

அவள் வேன் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அப்பாவே விட்டுட்டாரு. கோச்சு விட்டுட்டாரு. ஊரே விட்டுருச்சு. நீங்கதான் அக்கா விடமாட்டேங்கறீங்க."

பிச்சைமுத்து கத்தியைத் தட்டில் எறிந்தார். "அம்மா முன்னால கட்டுன காப்ப அறுக்க வந்தேன்டா! பாவி! ஒனக்காக வந்தேன்டா!" என்று மகன் தோளில் ஓர் அடி அடித்தார். இன்னோர் அடிக்குக் கையை ஓங்கினவர் அப்படியே அவனைப் பிடித்துக்கொண்டு அழுதார். தினேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. யாரோ அவள் கையில் ஒரு வாழை இலைப் பொட்டலத்தைத் திணித்து, "சாப்பிட்டுட்டுப் போக்கா," என்றார்கள். அதை வாங்கி வேன் சீட்டில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். வேன் டென்னிஸ் திடலுக்குத்தான் போனது. அவள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை எப்போதோ தாண்டியிருந்தது. ஜப்பான்காரப் பையன் ஊன்றுகோலோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. காலை நீட்டி வைத்துக்கொண்டு, தான் ஆட வேண்டிய திடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுத கண். அவன் அம்மாவோ யாரோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும், "ஹை, ஹை" என்று மெதுவாக ஆமாம் போட்டுக்கொண்டிருந்தான். தினேஸ்வரிக்கு அவன் பக்கம் பார்க்கவே முடியவில்லை. ஊரில் இல்லாத கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவனுடைய இடத்தில் இந்தோனேசியப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். நேற்று தோற்றவர்களில் தீபனுக்கு அடுத்த பேர். ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. தீபன் அவனைப் போன வருஷம் நேர் செட்டில் அடித்திருக்கிறான். எதிரில் இருந்தவனும் அன்றைக்குச் சுமார்தான், பந்துக்குப் பந்து வெளியே அடித்துக்கொண்டிருந்தான். தினேஸ்வரி வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றாள். இந்தோனேசியப் பையன் ஆறுக்கு நாலு, ஆறுக்கு மூன்றில் ஜெயித்தான். ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுத் மண்டியிட்டு நெற்றியால் தரையைத் தொட்டான். அவனுக்கு அந்தப் புள்ளி கிடைத்துவிட்டது. கை தட்ட அங்கே வேறு யாரும் இல்லாததால் அவள்தான் தட்டினாள். வயிறு எரிய எரியத் தட்டினாள்.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திக் காத்திருந்தபோது போன் அடித்தது. தீபன். பின்னால் உறுமிச் சத்தம் கேட்டது.

"அக்கா, கோவமா?"

"பின்ன? கொஞ்சவா சொல்றே?"

உறுமிச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு கேட்டான். "யாருக்கா உள்ள போனா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் போனிலேயே எல்லாம் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். பார்க்கத் துணிச்சல் இல்லாமல் அவளிடம் கேட்கிறான். யாரும் போகவில்லை, ஜப்பான்காரனே ஆடிவிட்டான் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லுவாள், ஸ்கோரில் அவளுக்குப் பொய் வராது.

"அந்த இந்தோனேசியாக்காரன். ஆறு நாலு, ஆறு மூணு. ஜெயிச்சுட்டான்."

"அவனா?" என்றான் தீபன். அப்புறம், "நான் வந்திருந்தாலும் தோத்துத்தான் இருப்பேன் அக்கா," என்றான்.

"தோத்திருந்தா தோத்திருப்படா!" தினேஸ்வரி ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தாள். ஹாரன் அலறியது, வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார். "தோத்துட்டு வாயேன், யாரு வேணாங்கறா? நான் எத்தனை தோல்வியப் பாத்திருக்கேன் ஒன்னோட! ஆறு ரெண்டுன்னு தோப்ப, ஆறு ஒண்ணுன்னு தோப்ப, என் போன்ல அது இருக்கும். இன்னிக்குத் தேடித் தேடிப் பாத்தேன்டா. ஒன் பேரே இல்ல. திட்டறதுக்குக்கூட ஒரு ஸ்கோர் இல்லாம பண்ணிட்டியேடா!"

அந்தப் பக்கம் தீபன் விசும்புவது கேட்டது. மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். அவள் கதவையும் திறக்கவில்லை, போனையும் வைக்கவில்லை.